பாலத்துக்கும் ஒரு ஈ.சி.ஜி.!

தினமும் காலை ஒன்பதே காலுக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டே ஒரு பாலத்தைத் தாண்டுகிறீர்களா? அப்போது என்ன நினைப்பீர்கள்? 'மேனேஜர் வந்து தொலைச்சிருப்பாரா? அரை நாள் லீவு போயிடுமா?' பாலத்தைப் பற்றி? ஊஹும்! பாலம் என்பது மாமனார் மாதிரி. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தாங்கும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை.

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து ஜனங்களும் அப்படித்தான் நம்பினார்கள். 2007 ஆகஸ்ட் 1, மாலை ஆறு மணி. ஆபீஸ் விட்டு வீடு திரும்பும் நேரம். மிசிசிப்பி ஆற்றின் மேலிருந்த ஐ-35 டபிள்யூ பாலம் மடமடவென்று சரிந்தது. 13 பேர் பலி. 145 பேருக்குக் காயம்.

இத்தனைக்கும் 1993லிருந்து வருஷா வருஷம் சோதனை நடந்த பாலம் அது! இரும்புச் சட்டங்களை இணைக்கும் சில தகடுகள் 1 அங்குல கனம் இருக்க வேண்டிய இடத்தில் அரை அங்குலமே இருந்தன என்று விசாரணையில் தெரிந்தது. டிசைனிலேயே கோளாறு. போதாக்குறைக்கு அன்று ரிப்பேர் வேலைக்காக மணலையும் ஜல்லியையும் மேலேயே குவித்து வைத்திருந்தார்கள்.

நான் பி.காம். ஆசாமி. எங்கள் பாஷையில் சொன்னால், இது வருஷத்துக்கு ஒரு தடவை வரும் ஆடிட்டர் கதை. அவர் வந்து போன மறுநாள் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் பாங்க்குகளில் அவ்வப்போதே கணக்கைப் பார்க்கும் 'கன்கரண்ட் ஆடிட்' வைத்திருக்கிறார்கள். பாலத்துக்குள்ளேயே அப்படி ஓர் ஆடிட்டரை உட்கார வைத்தால்?

ஆள் ரெடி. தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. இன்டர்நெட்டைச் சுமந்து வருகிறதே, அதே ஆப்டிக் ஃபைபர்தான்!

இழைக்குள்ளே புற ஊதாக் கதிரால் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக வரிகள் போடுகிறார்கள். ஒளியை அனுப்பினால், வரிகளின் இடைவெளிக்குப் பொருந்துகிற ஒரே ஓர் அலைநீளம் மட்டும் திரும்பி வரும். மற்றதெல்லாம் நேரே போய்விடும். இழையைப் பாலத்தோடு ஒட்டிவிட்டால், பாலம் நீளும்போது வரிகளும் விலகும். திரும்பி வரும் அலைநீளமும் மாறும். 1 மீட்டர் நீளம், 1 மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டால்கூடப் போட்டுக் கொடுத்துவிடும்!

இதன் பெயர் 'ஃபைபர் பிராக் கிரேட்டிங்'. பிராக் என்பது அப்பா, பிள்ளை இருவர். 1915ல் சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்கள். பிள்ளைக்கு அப்போது வயசு 25. (நம்மில் பலர் அந்த வயசில் பயோடேட்டாவை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தோம்!)

இந்த இழைக்குள் கரண்ட் ஓடுவதில்லை. துருப் பிடிக்காது. பக்கத்தில் மின்சார ரயில் ஓடினாலும் கணக்கு தப்பாது. ஒரே இழையில் பல இடங்களை வேவு பார்க்கலாம். ஒரு தொல்லை உண்டு. வெயில் அடித்தாலும் அலைநீளம் மாறும். அதனால் வெப்பத்தை மட்டும் அளக்க இன்னொன்றை வைத்துக் கழித்துக்கொள்கிறார்கள்.

கனடாவில் கல்கரி நகரப் பாலம் ஒன்றில் 1993லேயே இதைப் பதித்துவிட்டார்கள். மினியாபொலிஸில் 2008 செப்டம்பரில் திறந்த புதுப் பாலத்தில் 300க்கும் மேற்பட்ட சென்சார்கள். அவற்றில் கண்ணாடி இழை வகையும் உண்டு.

அப்புறம் என்ன, நிம்மதியாகத் தூங்கலாமா? அவசரப்படாதீர்கள். விழுந்த பாலத்தின் தகடுகள் வளைந்திருந்தது 2003ல் எடுத்த போட்டோக்களிலேயே தெரிகிறது! போட்டோ இருந்தது, பார்த்துப் பதறத்தான் ஆள் இல்லை. இழை நம்பரைத்தான் சொல்லும். அதைப் படிக்க ஒருவர், படித்ததும் 'பாலத்தை மூடு' என்று சொல்லும் தைரியம் உள்ள இன்னொருவர்... இந்த இரண்டு பேரையும் எந்தக் கம்பெனியும் தயாரிப்பதில்லை, சார்!