நண்டு ஓடும் இடைவெளி

சுங்குவார்சத்திரத்தில் காலை ஷிப்டுக்கான கம்பெனிப் பேருந்துகள் ஆட்களை அள்ளிக்கொண்டு போகின்றன. சுற்றுப்புற ஏரிப்பாசன வயல்களில் நவரைப் பட்டத்துக்கு நாற்று நட ஆள் கிடைப்பதில்லை. அங்கே கைகொடுப்பது உருளை விதைப்பான். துளையிட்ட நான்கு உருளைகளில் முளைகட்டிய நெல்லை நிரப்பிச் சேற்றில் இழுத்தால், 20 செ.மீ. இடைவெளியில் எட்டு வரிசை விதை விழும்.

வரிசை விதைப்பு என்றதும் பாடப்புத்தகம் இங்கிலாந்தின் ஜெத்ரோ டல்லைக் காட்டும். தேவாலய ஆர்கனின் உள்ளமைப்பைப் பார்த்து, 1701 வாக்கில் அவர் விதைப்புக் கருவி செய்தார். பயிர் மண்துகளையே தின்று வளர்கிறது என்று நம்பியதால், மண்ணைக் கிளறக் குதிரைக் களைக்கொத்தியையும் ஓட்டினார். கொள்கை தவறு; ஆனால் களை அழிந்தது, பயிர் செழித்தது.

1790-களில் தென்னிந்தியாவில் இருந்த கேப்டன் ஹால்காட், விதைப்புக் கலப்பை ஐரோப்பாவின் புதுச்சரக்கு என்றே நினைத்திருந்தார். இன்றைய ஆந்திரப் பகுதியில் ஒருநாள் குதிரையில் போனபோது, உழவர்கள் அதையே சாதாரணமாக ஓட்டுவதைக் கண்டார். விசாரித்தால், தலைமுறை தலைமுறையாக இருப்பது என்றார்கள். வியந்துபோய் லண்டன் வேளாண் வாரியத்துக்கு எழுதினார். 1797-இல் அது அச்சானது. தெலுங்கில் 'கொர்ரு' எனப்படும் கருவி அது. மேலே துளைகள் உள்ள மரக்கிண்ணம். கிண்ணத்திலிருந்து மூங்கில் குழாய்கள் கொழுமுனைகளுக்கு இறங்கும். கையால் விட்ட விதை, சாலில் ஒரே ஆழத்தில் விழும். இரும்புப் பல்சக்கரம் எதுவும் வேண்டாம். ஊர்த் தச்சரே பழுது பார்ப்பார்.

நெல்லுக்கு அதைப் பயன்படுத்தவில்லை என்றும் ஹால்காட் குறித்தார். காரணம் எளிது. நாற்றங்காலில் வளர்ந்து வரும் பயிர் களையை முந்திக்கொள்ளும். தேங்கிய நீர் மீதிக் களையை அடக்கும். இடைவெளியை நடவுப் பெண்களின் கையே அளந்துவிடும்.

அந்தக் கைகள் வயலை விட்டுப் போனதும் நெல்லுக்கும் வரிசை விதைப்பு தேவைப்பட்டது. நேரடியாக விதைத்தால் களையும் கூடவே முளைக்கும். அதனால்தான் அந்த 20 செ.மீ.: நடுவே கோனோவீடர் என்ற களைக்கருவியைத் தள்ளிக்கொண்டு போகலாம். டல்லின் குதிரை போனதும் இப்படியொரு சந்தில்தான். நெல்லுக்கு நண்டு, கரும்புக்கு நரி, வாழைக்கு வண்டி, தென்னைக்குத் தேர் ஓட இடம் விடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். நண்டுக்கு விட்ட வழியில் இப்போது களைக்கருவி ஓடுகிறது.