ஒரு பைக்குள் எதை வைப்பது?

மாரி தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஓர் அவசரப் பை கட்டி வாருங்கள் என்று லிங்கநகர்ச் சகோதரிகளிடம் சொல்லியிருந்தேன். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு அருகே கரைகடந்ததை யாரும் மறக்கவில்லை. பாயில் பதினொரு பைகள் இருந்தன. என் கையில் அச்சிட்ட பட்டியல் ஒன்று.

"இது நாங்கள் கட்டிப் பழகின மூட்டைதானே பிள்ளை" என்றார் சம்பூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். 2006இல் வெருகல் ஆற்றைத் தோணியில் கடந்து வாகரைக்குப் போனவர். அன்று சட்டியும் உடுப்பும் தோணியேறின. காணிப் பேமிற் றங்குப் பெட்டிக்குள்ளேயே கிடந்துவிட்டது. 2015இல் சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, தன் வளவு தனது என்று காட்ட அவர் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல.

அருகிலிருந்த சகோதரியோ தையல் மெசினின் தலையைக் கழற்றித் தூக்கி வந்தவர். "பாரம் என்று தோணிக்காரர் ஏசினவர். முகாமில எங்களுக்குச் சோறு போட்டது அதுதான்" என்றார். என் பட்டியலில் தையல் மெசின் இல்லை. அன்றுதான் அந்தப் பட்டியலை மடித்து வைத்தேன்.

கனடாவின் வட ஏரிகளில் வாரக்கணக்காகத் தோணிப் பயணம் போகிறவர்கள் உண்டு. ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே தோணியையும் பொதியையும் தோளில் சுமந்து நடப்பார்கள். ஆகவே தோணி எவ்வளவு கொள்ளும் என்பதல்ல, தோள் எவ்வளவு தாங்கும் என்பதே அவர்களது கணக்கு. உணவை வைக்க அவர்கள் பயன்படுத்துவது இறுக்கமான மூடியுள்ள நீலப் பிளாஸ்டிக் பரல். நம் வீடுகளில் தண்ணீர் பிடிக்கும் பரல் போன்றதுதான். அவர்கள் விரும்பிப் போகிறார்கள், நாம் துரத்தப்பட்டுப் போனோம். ஆனாலும் அந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும்.

நாங்கள் சேர்ந்து முடிவெடுத்தவை இவை. முதலில் கடதாசிகள்: அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், காணி உறுதி அல்லது பேமிற், பிள்ளையின் தடுப்பூசி அட்டை. தடித்த பொலித்தீன் பையில் இட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்துக் கட்டி, இன்னொரு பைக்குள் வையுங்கள். பிரதிகளை வேறு ஊரில் உள்ள உறவினரிடமும் கொடுத்து வையுங்கள். அடுத்து, வழக்கமாக எடுக்கும் மருந்து ஒரு கிழமைக்கு, டோர்ச், மாதவிடாய்த் துணிகள், மாற்றுடுப்பு ஒன்று. குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் தண்ணீர் வேண்டும். வயிற்றோட்டத்திற்குச் சீனியும் உப்பும்: 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக, உழைத்துச் சாப்பிட உதவும் கருவி ஒன்று. அது ஊசிப் பெட்டியாகவும் இருக்கலாம், கத்தரிக்கோலாகவும் இருக்கலாம். எது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

அம்மா இரண்டு சேலைகளை வெளியே எடுத்துவிட்டுப் பேமிற் பிரதியை உள்ளே வைத்தார். சாமிப் படத்தை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

சகோதரிகளே, பையைக் கட்டி முடித்ததும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். மூச்சு வாங்கினால், பை இன்னும் பாரம் என்று அர்த்தம்.