மனை விலை நிற்கிறது, வியாபாரம் ஏன் மந்தம்?

பருத்திப்பட்டு, ஆவடி வட்டாரத்து வணிக நண்பர்கள் கூடும் இடங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "மனை விலை இறங்கவே இல்லையே, கடையில் மட்டும் ஏன் கூட்டம் குறைகிறது?" என்கிறார்கள். மனை விலையை வைத்து ஊரின் வரும்படியை அளப்பதால் வரும் குழப்பம் இது.

2019-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆகஸ்டில் நாட்டின் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆண்டைவிட 31 சதவிகிதத்துக்கு மேல் சரிந்தது. பாடியிலுள்ள பெரிய உதிரிபாகத் தொழிற்சாலைகள் வேலையில்லா நாட்களை அறிவித்தன.

இத்தகைய அடி எல்லார் மீதும் ஒரே நாளில் விழுவதில்லை. முதலில் ஓவர்டைம் நிற்கும். பிறகு ஒப்பந்தத் தொழிலாளர் நிறுத்தப்படுவர். நிரந்தரத் தொழிலாளியின் முறை கடைசியில்தான். நமது கல்லாவுக்கோ ஓவர்டைம் நின்ற மாதமே செய்தி வந்துவிடும். மாதச் சாமான் பட்டியலில் முந்திரி, திராட்சை காணாமற்போகும். ஐந்து லிட்டர் எண்ணெய் ஒரு லிட்டராகும். பத்தாம் தேதிக்குள் தீரும் கணக்கு இருபதைத் தாண்டும். அடுத்து, நாலைந்து பேர் சேர்ந்து தங்கிய அறைகள் காலியாகும். வாடகை அதற்குப் பிறகே இளகும். மனை விலை எல்லாவற்றுக்கும் பின்னால். மனைக்காரருக்கு அவசரமில்லை, வாங்கிய விலைக்குக் கீழே விற்க மனம் வராமல் காத்திருப்பார். அப்போது குறைவது விலையல்ல, பத்திரப் பதிவுதான்.

அமெரிக்க மாநிலங்களைப் பற்றி பிளான்சார்ட், காட்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1992-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். வேலை குறைந்த மாநிலத்தில் சில ஆண்டுகளில் வேலையின்மை விகிதம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறதாம். போன வேலைகள் திரும்பியதால் அல்ல, ஆட்கள் வெளியேறியதால்! புள்ளிவிவரத்துக்கு அது குணம். மளிகைக் கடைக்கு வாடிக்கையாளர் போனது போனதுதான். 2020 ஊரடங்கில் வடமாநிலத் தொழிலாளர் ஊர் திரும்பியபோது நாமே இதைக் கண்டோம்.

பருத்திப்பட்டுக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை கார் சந்தையை நம்பி நடப்பதல்ல. 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் அதற்குக் கிடைத்தது. அங்கே சம்பளம் வாங்குபவருக்கும், அம்பத்தூர்ப் பட்டறையில் ஒப்பந்த வேலை பார்ப்பவருக்கும் ஒரே கடன் தவணை வைப்பது சரியல்ல. மரியாதையில் வேற்றுமை வேண்டாம், கணக்கில் வேண்டும்.

கடைக்கு அட்வான்ஸைக் கூட்டிக் கேட்கும் உரிமையாளர் மனை விலையைத்தான் காட்டுவார். அவரிடம் பேசப் போகுமுன் சுற்றியுள்ள நாலு தெருவில் எத்தனை 'வாடகைக்கு' போர்டு தொங்குகிறது என்று எண்ணிக்கொண்டு போவது நல்லது.