பருக்குழிக்குப் பணம் கட்டுமுன்

மும்பையில் செம்பூர் ஸ்டேஷனைச் சுற்றியும் மாட்டுங்காவிலும் ‘ஸ்கின் அண்ட் லேசர்’ போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆறு சிட்டிங் சேர்த்து ஒரு பேக்கேஜ், முன்பணம் கட்டினால் தள்ளுபடி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையில் வரும் சம்பளத்தை அப்படியே கொண்டுபோய்க் கட்டும் பிள்ளைகள் உண்டு. அவர்களில் லேசரே தேவையில்லாத முகங்களும் இருக்கின்றன.

கறையா, குழியா?

கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை விரலால் தடவிப் பாருங்கள். பள்ளமோ மேடோ தட்டுப்படாமல் வழவழப்பாக இருந்தால், கண்ணாடியில் தெரிவது வடு அல்ல, கறை. பரு ஆறிய இடத்தில் நிறமி தேங்கிப் பழுப்பாகவோ கறுப்பாகவோ நிற்கும். நம் மாநிறத் தோலுக்கு இது சகஜம். சில மாதங்களில், சிலருக்கு ஒரு வருடம் கடந்து, தானாகவே மங்கும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசி வெயிலைத் தடுத்தால் சீக்கிரம் மங்கும். டாக்டர் எழுதித் தரும் அசெலாயிக் அமிலமோ அடாபலீன் ஜெல்லோ இன்னும் துணை செய்யும். எலுமிச்சைச் சாறும் டூத்பேஸ்ட்டும் தோலைப் பொசுக்கிக் கறையை அதிகமாக்குவதுதான் மிச்சம்.

தட்டுப்படுவது குழி என்றால் கதை வேறு. பரு ஆழமாக வீங்கிச் சீழ் பிடிக்கும்போது தோலின் அடித்தளமான கொலாஜன் அழிகிறது. எந்தக் களிம்பாலும் அதை நிரப்ப முடியாது. அப்போதும் முதல் வேலை வடுவுக்கு அல்ல, பருவுக்குத்தான். புதுப் பரு வந்துகொண்டிருக்கும் முகத்தில் பழைய குழியைச் சரிசெய்வது, ஓட்டை மூடாத வாளியில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை தருவார்கள். அதைச் சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் பெண்கள் கருத்தரிக்கவே கூடாது. வயிற்றுப் பிள்ளைக்குப் பெருங்கேடு.

குழியின் வடிவம்

பல்பு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் வாய் குறுகி ஆழமாக இறங்கியவை ஒரு வகை. ‘ஐஸ்பிக்’ என்பார்கள். லேசர் இவற்றின் அடிவரை போய்ச் சேர்வதில்லை. அடர்த்தியான டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைக் குழிக்குள் மட்டும் ஒற்றி, புதுக் கொலாஜன் வளரவைப்பதுதான் பொருத்தம். 2002-ல் கொரிய மருத்துவர்கள் வெளியிட்ட இந்த முறைக்கு ‘கிராஸ்’ என்று பெயர். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். போர்டுகளில் இதன் பெயரை அதிகம் பார்க்க முடியாததற்குக் காரணம் அதுவோ என்னவோ! ஆனால் கை பழகிய தோல் மருத்துவர்தான் செய்யவேண்டும். கொஞ்சம் சிந்தினாலும் புண்தான்.

அகலமாக, அலை அலையாகத் தெரிந்து, தோலை இழுத்துப் பிடித்தால் மறைபவை இன்னொரு வகை. கீழேயிருந்து நார்கள் தோலை உள்ளிழுத்துப் பிடித்திருப்பதால் வரும் பள்ளம் இது. மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கடியில் வேறொரு ஊசியைச் செலுத்தி அந்த நார்களை அறுத்துவிடுவார்கள். பெயர் சப்சிஷன். சில நாள் கன்னம் கன்றிப்போயிருக்கும். விளிம்பு செங்குத்தாக வெட்டியதுபோன்ற ‘பாக்ஸ்கார்’ குழிகளில், மேலோட்டமானவை, நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங்குக்கும் லேசருக்கும் இணங்கும். ஆழமானவற்றை வெட்டித் தைக்கவும் நேரும். ஒரே முகத்தில் மூன்று வகையும் கலந்திருப்பதுதான் வழக்கம். அதனால்தான் ஒற்றைச் சிகிச்சைப் பேக்கேஜை நான் நம்புவதில்லை.

தாடையிலும் மார்பிலும் குழிக்குப் பதில் மேடாக வளரும் கெலாய்டுக்கு, வடுவுக்குள்ளேயே போடும் ஸ்டீராய்டு ஊசிதான் வழக்கமான சிகிச்சை.

நம் நிறமும் லேசரும்

கார்பன் டை ஆக்சைடு ஃபிராக்‌ஷனல் லேசர் நல்ல கருவிதான். ஆனால் அந்தச் சூட்டுக்கு மாநிறத் தோல் புதுக் கறையைப் பதிலாகத் தரக்கூடும். சக்தியைக் குறைத்து, இடைவெளி விட்டுச் செய்யவேண்டும். ஊசிமுனை வழியாக ரேடியோ அலைச் சூட்டைத் தோலின் உள்ளே கொடுக்கும் எம்.என்.ஆர்.எஃப். முறையில் இந்தப் பயம் குறைவு. ஆன்லைனில் வாங்கும் டெர்மாரோலர் என்ற ஊசி உருளையை வீட்டில் உருட்டுவதும், அக்கா தங்கை ஒரே ரோலரைப் பகிர்வதும் கிருமியை வரவேற்பதுதான்.

பெயரில்லாத டப்பா

வடு போகும், நிறமும் வரும் என்று பார்லரிலும் மெடிக்கலிலும் கையில் திணிக்கும் கிரீம்தான் எனக்குப் பெரிய கவலை. டியூபின் பொடி எழுத்தில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் வாரம் முகம் பளபளக்கும். மாதங்கள் போனால் தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிந்து, ரோமம் முளைக்கும். நிறுத்தினாலோ முகம் எரிந்து பரு கொட்டும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று ஆணையிட்டது. கவுன்டரில் கேட்டால் இன்றும் கிடைக்கிறது.

லேபிளே இல்லாத டப்பா இன்னும் மோசம். 2023-ல் செய்தியான அகோலா குடும்பம் நினைவிருக்கலாம். பியூட்டிஷியன் கொடுத்த கிரீமைப் பூசிய பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. காரணம் கிரீமில் இருந்த பாதரசம் என்று கண்டறிந்தது நம் பரேல் கே.இ.எம். மருத்துவமனை.

எங்கே, எப்போது?

தாராவிக்காரர்களுக்குச் சயான் மருத்துவமனை கூப்பிடு தூரம். கேஸ் பேப்பர் எடுத்துத் தோல் பிரிவில் காட்டினால், கறையா குழியா, எந்த வகைக் குழி என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம். பிறகு தனியார் கிளினிக்குக்குப் போனாலும், செய்பவர் தோல் மருத்துவம் படித்தவரா, என் குழி எந்த வகை, எத்தனை சதவீதம் குறையும் என்று கேளுங்கள். முழுக்கப் போய்விடும் என்று சொன்னால் எழுந்து வந்துவிடலாம். நேர்மையான டாக்டர் ‘குறையும்’ என்றுதான் சொல்வார்.

சிட்டிங்குகளுக்கு இடையே நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டும். கொலாஜன் வளர்ந்து பலன் தெரிய மேலும் மூன்று முதல் ஆறு மாதம். கல்யாணம் தை மாதத்தில் என்றால் ஆடிக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். மார்கழியில் ஓடிப்போய் நின்றால், லேசர் பொருக்கோடுதான் மணவறை ஏறவேண்டிவரும்.