கடலுக்கும் வேலி வேண்டும்

சீமைக் கருவேலத்தை அறியாத குடியானவர் நமது அங்கத்தினர்களில் ஒருவரும் இரார். விறகுக்கு உதவுமென்று வரவழைக்கப்பட்ட அந்நிய மரம், இன்று ஏரியையும் தரிசையும் பிடித்துக்கொண்டு அகல மறுக்கிறது. நிலத்திற் கண்ட இத்தொல்லை நீரிலும் நேரக்கூடும்.

சென்னை நொச்சிக்குப்பத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். 2024-இல் அங்கே திறக்கப்பட்ட மீன் அங்காடியில், வஞ்சிரம், சங்கரா முதலியவற்றின் நடுவே சிங்கி இறாலும் கண்டோம். பாறை இடுக்குகளில் வாழும் இவ்வினத்திற்குப் பெருங்கொடுக்கு இல்லை. நீண்ட முள் மீசையே உண்டு. வலைக்காரருக்கு நல்ல விலை தரும் சரக்கு இது.

அமெரிக்கக் கடலிறாலோ பெருங்கொடுக்கு உடையது. ஐரோப்பாவுக்கு உயிருடன் விற்பனைக்குச் சென்ற அவ்வினம் அங்குள்ள கடலிலும் புகுந்துவிட்டது. 2015-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கரையருகே சிலர் ஜீவகாருண்யம் கருதி நூற்றுக்கணக்கில் வாங்கிக் கடலில் விட்டனர். 2017-இல் நீதிமன்றம் அவர்களுக்கு அபராதம் விதித்தது. புண்ணியச் செயல் குற்றமானது ஏன்? அவ்விறால் உள்நாட்டு இறாலோடு இரைக்கும் இடத்திற்கும் போட்டியிடும். அதனோடு கூடிக் கலப்பினம் உண்டாக்கும். கொடிய நோயையும் கொணரும்.

குளிர்நீரில் வாழும் அவ்விறால் நமது வெப்பக் கடலில் தழைப்பது அரிது. அதனால் நமக்கு அச்சமில்லை என்று இருந்துவிடலாகாது. வடக்கே எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் தென் அமெரிக்கச் சிப்பி ஒன்று பெருகியுள்ளது. மீனவர் இதனைக் 'காக்கா ஆழி' என்பர். கப்பல்கள் நிலைகுலையாதிருக்க அடியில் நிரப்பிவரும் கடல்நீரோடு இது வந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. ஆற்றடியில் பாய் விரித்தாற்போற் படர்ந்து, நாட்டு மட்டிகளை மூடி மடியச் செய்கிறது. இறால் புதைந்து வாழும் சேற்றையும் மறைக்கிறது. நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் ஏழைகளின் பிழைப்பே முதலிற் கெடுகிறது.

கப்பல் நீரைக் கட்டுப்படுத்த 2004-இல் செய்யப்பட்ட உலக உடன்படிக்கை 2017-இல் அமலுக்கு வந்தது. ஆயினும் வந்து வேரூன்றியதை அகற்றுவது எளிதன்று. வயலில் களை கண்டால் களைக்கொட்டு உண்டு. கடலிற் கண்டால் எதைக்கொண்டு களைவது?

ஆகவே, குட்டைகளில் அந்நிய மீனோ இறாலோ வளர்க்கும் அங்கத்தினர்கள் அவற்றை ஆற்றிலோ கடலிலோ விடலாகாது. முன்பு கண்டிராத உயிர் வலையில் அகப்பட்டால், மீண்டும் நீரில் எறியாமல், உடனே மீன்வளத் துறைக்கு அறிவித்தல் வேண்டும். கடலுக்கு முள்வேலி கட்ட இயலாது. கரையில் வாழ்வோரின் விழிப்பே அதற்கு வேலி.