மறந்துபோன சிசு ரத்தம்

வட்டமாய் நெகிழ்ந்து ஓட வேண்டிய சிவப்பணுக்கள் கதிர் அரிவாளைப் போல் வளைந்து, நுண்ணிய நாளங்களில் ஒன்றோடொன்று சிக்கி, எலும்புக்குள்ளிருந்தே முறுக்குவது போன்ற வேதனையைத் தரும் சிக்கிள் செல் வியாதிக்கு மூலகாரணம், ஹீமோகுளோபினில் குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வாலின் என்னும் வேறோர் அமினோ அமிலம் வந்து அமர்ந்திருப்பதே என்று 1957-இல் வெர்னன் இங்கிராம் நிரூபித்தார். மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை, அவ்வளவுதான். பிழை தெரிந்த பின் திருத்துவதற்கென்ன என்று தோன்றும்.

ஆனால் 2023-இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்ஜெவி என்னும் மரபணுச் சிகிச்சை அந்தப் பிழையைத் தொடுவதே இல்லை என்பதுதான் விசித்திரம். இந்த வியாதியோடு பிறந்த குழந்தைகள் முதற்சில மாதங்கள் யாதொரு துன்பமுமின்றி இருப்பதைக் கவனித்து, கருவில் சுரந்த சிசு ஹீமோகுளோபினே அவர்களைக் காக்கிறது என்று நியூயார்க்கின் ஜேனட் வாட்சன் 1948-லேயே ஊகித்தார். குழந்தை வளர வளர அந்தச் சுரப்பை அடக்கிவிடுவது பி.சி.எல்.11ஏ என்னும் மரபணு. கிரிஸ்பர் என்னும் மூலக்கூற்றுக் கத்தரியால் ரத்த மூல அணுக்களில் அதன் விசையை முடக்கிவிட்டால், அடங்கிக் கிடந்த சிசு ஹீமோகுளோபின் மீண்டும் ஊறுகிறது. பிழைபட்ட ஏட்டை வைத்துக்கொண்டு மல்லாடாமல், பரணில் போட்டிருந்த பழைய பிரதியை எடுத்து வாசிப்பது போன்ற உபாயம் இது.

உபாயம் எளிது, அனுபவிப்பது எளிதன்று. நோயாளியின் மூல அணுக்களை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் மாற்றி, சோதித்து முடிப்பதற்குள் மாதங்கள் கழிந்துவிடும். பிறகு கீமோதெரபியால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்த பின்னரே அவ்வணுக்கள் ரத்தநாளம் வழியே திரும்ப ஏறும். தலைமயிர் உதிர்ந்து, வாய் புண்ணாகி, நோய் எதிர்ப்புச் சக்தி அற்றுப்போய், வாரக்கணக்கில் தனியறையில் கிடக்க வேண்டும். பிள்ளைப்பேறு இல்லாமற்போகும் அபாயமும் உண்டு. பத்திரிகைகள் "ஒரே முறை சிகிச்சை" என்று எழுதும்போது இந்த வாரங்களைச் சொல்ல மறந்துவிடுகின்றன. எனினும் பரிசோதனையில் மதிப்பிடப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு, ஓராண்டேனும் கடும் வலி திரும்பவில்லை என்பது அற்பமான பலன் அன்று.

அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர்.

இந்தியாவில் இந்த வியாதியின் அடையாளத்தை 1952-இல் லேமனும் கட்புஷும் முதன்முதலாகக் கண்டது நம் நீலகிரி மலைவாசிகளின் ரத்தத்தில்தான். இன்று அவர்கள் கைக்கு எட்டுவது ஹைட்ராக்ஸியூரியா என்னும் விலை மலிந்த மாத்திரை. அதுவும் இதே சிசு ஹீமோகுளோபினைச் சற்றே கூட்டித்தான் வேலை செய்கிறது.