டால்ஃபின் பார்க்கப் போறீங்களா? கொஞ்சம் தூங்க விடுங்க!

படகில் போகிறீர்கள். தூரத்தில் ஒரு டால்ஃபின் கூட்டம். ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் மெதுவாக நீந்திக்கொண்டிருக்கிறது. 'என்னங்க, ஒண்ணுகூட குதிக்க மாட்டேங்குதே! இன்னும் கிட்ட போங்கண்ணே' என்று படகுக்காரரிடம் சொல்கிறோம். எஞ்சின் உறுமுகிறது. கூட்டம் கலைகிறது.

நாம் கலைத்தது, அநேகமாக அவற்றின் தூக்கத்தை!

ஹவாய் தீவுகளின் ஸ்பின்னர் டால்ஃபின்களையே எடுத்துக்கோங்க. இவற்றுக்கு நைட் ஷிஃப்ட் வேலை. ராத்திரி முழுக்க ஆழ்கடலில் சின்ன மீன், இறால், கணவாய் வேட்டை. விடிந்ததும் கரையோர விரிகுடாக்களுக்கு வந்து ஓய்வெடுக்கும். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். சுறா மீதும் ஒரு கண் வேண்டும். அதனால், மூளையின் ஒரு பாதி தூங்க, மறுபாதி விழித்திருக்கும். நீந்திக்கிட்டே தூங்குவதால், அது தூக்கம் என்றே நமக்குத் தெரிவதில்லை.

சுற்றுலாப் படகுகள் வருவதும் அந்தப் பகல் நேரத்தில்தான். ஒரு படகு போனால் அடுத்தது. ஓய்வு கெடும், விலகி ஓடுவதில் சக்தி வீணாகும், குட்டி பால் குடிப்பதும் தடைபடலாம். டால்ஃபின்கள் ஒலியை வைத்துத்தான் இரை தேடுகின்றன, ஒன்றையொன்று அழைக்கின்றன. எஞ்சின் சத்தம் அதையும் குழப்பும்.

'அதெல்லாம் படகுக்குப் பழகிடுச்சு சார்' என்பார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில் டால்ஃபின் சுற்றுலா நடத்தியவர்கள் ஒருவரிலிருந்து இருவரானார்கள். அவ்ளோதான். படகுகள் சுற்றிய பகுதியில் டால்ஃபின்கள் ஏறக்குறைய 15 சதவிகிதம் குறைந்துவிட்டதாக 2006-ல் வெளியான ஆய்வு சொன்னது. தொல்லை தாங்காதவை இடத்தைக் காலி செய்திருக்கலாம். மிச்சம் இருப்பவற்றைப் பார்த்து நாம் 'பழகிடுச்சு' என்கிறோம்! இரண்டு உரிமங்களை அரசு ஒன்றாகக் குறைத்தது.

ஹவாயில் 2021 முதல், கரையோரக் கடலில் ஸ்பின்னர் டால்ஃபின்களை 50 கெஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள் நெருங்கத் தடை. கூட நீந்தவும் கூடாது.

நம்ம பக்கத்து இலங்கையின் கல்பிட்டியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பார்ப்பதும் இதே ஸ்பின்னர் இனம்தான். அப்போ, போகவே கூடாதா? தாராளமா போங்க. ஆனால், இவற்றை மனசுல வெச்சுக்கோங்க.

* துரத்த வேண்டாம், குறுக்கே போக வேண்டாம் என்று படகில் ஏறும்போதே சொல்லிடுங்க. பல நேரம் பயணிகள் கேட்பதால்தான் துரத்தல் நடக்கிறது.
* கூட்டத்தின் நடுவே புகாமல், பக்கவாட்டில் தள்ளி, மெதுவாகப் போகச் சொல்லுங்க.
* ஏற்கெனவே படகுகள் சூழ்ந்திருந்தால், காத்திருங்க.
* குட்டியோடு இருந்தால் இன்னும் தள்ளியே இருங்க.
* ரொம்ப நேரம் பின்தொடராதீங்க.

அதுவாகவே உங்கள் படகைத் தேடி வந்தால், எஞ்சினை அடக்கிவிட்டு ஆசைதீர ரசியுங்கள். வராவிட்டால்? நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த ஆளை நம்ம வீட்டில் யாராவது எழுப்புவோமா என்ன!